மாமாவின் மண்ணிறப் பம்புகள்

என்ர மாமாவிட்ட ஒரு கேள்வி கேட்டா, கேட்டதுக்கு மட்டுந்தான் பதில் வரும். ஒரு சொல்லும் கூட வராது. மாமா எண்டா என்ர மனுசன்ர தகப்பன். புதுக்கடைக் கோட்டில முப்பது வருசத்துக்கு மேல மொழிபெயர்ப்பாளரா இருந்தவர். கூண்டில நிக்கிற ஆள் தமிழில சொல்லுறதைச் சிங்களத்தில சொல்லி, நீதவான் சிங்களத்தில கேக்கிறதைத் தமிழில சொல்லி, அப்பிடியே தலை நரைச்ச மனுசன். அந்த வேலையில ஒரு சட்டம் இருக்காம். கேட்டதுக்குப் பதில். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, தன்ர பாட்டில விளக்கம் குடுக்கவும் கூடாது. பென்சன் எடுத்த பிறகும் அவர் அந்தச் சட்டத்தை விடேல்லை.

"மாமா, சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

குசினிக்குப் போய்ப் பாத்தா சோறும் கறியும் மூடினது மூடினபடி கிடக்கும். பிஸ்கட் டின் மட்டும் திறந்திருக்கும். ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்டது உண்மைதானே? என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை. பிழை என்னில.

எனக்குக் கோவம் மூக்கு நுனியில. அதை மறைச்சு என்ன வரப்போகுது? ஆனா மாமனாரோட நேருக்கு நேர் நிண்டு ஏச ஏலுமோ? அதால குசினியில சட்டி பானையோடதான் என்ர சண்டை. மூடியை அடிச்சு மூடுவன், கரண்டியைத் தொட்டிக்குள்ள எறிவன். அவர் ஹோலில இருந்து பேப்பர் வாசிப்பார். சத்தம் கேட்டதாக் காட்டிக்கொள்ள மாட்டார்.

மாமி செத்த பிறகு கொட்டாஞ்சேனை வீட்டை விட்டிட்டு எங்களோட வந்தவர். எங்களோட எண்டு சொல்லுறதும் சரியில்லை. என்ர மனுசன் டோகாவில. பிள்ளையள் இல்லை. வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில, நாலாம் மாடியில, நானும் மாமாவும்தான். காலமை நான் கொம்பனித்தெருவில இருக்கிற கந்தோருக்கு வெளிக்கிட்டா, பின்னேரம் வரும் வரைக்கும் அவர் தனிய.

அவருக்குத் தொய்வு, ஆஸ்துமா எண்டுறது. பென்சன் எடுத்த பிறகு வந்த வருத்தம். கிளினிக்கில வாயில வைச்சு அடிச்சு இழுக்கிற ரெண்டு பம்ப் குடுத்தவை. நீலம் ஒண்டு, மண்ணிறம் ஒண்டு. முதல் நாளே டொக்டர் வடிவாச் சொன்னவ. நீலம், மூச்சு முட்டு வரேக்க. மண்ணிறம், முட்டு வந்தாலும் வராட்டிலும் ஒவ்வொரு நாளும் காலமையும் பின்னேரமும். நானும் பக்கத்தில இருந்து கேட்டனான். மாமா தலையாட்டினவர். அவர் ஆட்டின தலையை நான் நம்பினன்.

பிறகு அந்தத் தட்டுப்பாட்டுக் காலம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை எண்டு இந்த ஊரே தெருவில நிண்ட காலம். கிளினிக்கில மருந்து இல்லை, வெளியில வாங்குங்கோ எண்டு துண்டு எழுதித் தந்திச்சினம். வெளியில எங்க இருக்கு? காலி வீதியில இருக்கிற பார்மசி ஒண்டு விடாமல் ஏறி இறங்கினன். நுகேகொடைக்குப் போனன். கொட்டாஞ்சேனையில மாமாவுக்குத் தெரிஞ்ச பழைய கடைக்கு ரெண்டு பேரும் போனம். எங்க போனாலும் ஒரே பதில். நீலம் ஒண்டு ரெண்டு தேடித் தரலாம், மண்ணிறம் இல்லவே இல்லை. கண்ணாடி அலுமாரிக்குள்ள வெறும் தட்டைக் காட்டினான் அந்தக் கடைக்காரன். மாமா அந்தத் தட்டை நிறைய நேரம் பாத்துக்கொண்டு நிண்டவர். அது அண்டைக்கு எனக்கு ஒண்டாத் தெரியேல்லை.

அந்தக் காலத்தில ஆளை ஆள் கண்டா சுகம் விசாரிக்கிறேல்லை. மருந்து இருக்கோ, அரிசி இருக்கோ, காஸ் இருக்கோ எண்டுதான் கேக்கிறது. வரிசையள் போயிட்டுது, கிளினிக்கில மருந்தும் திரும்ப வந்திட்டுது, அந்தக் கேள்வி மட்டும் என்ர வாயில ஒட்டிக்கொண்டிட்டுது. மாசம் பிறந்தா நான் கேப்பன், "மாமா, மண்ணிற மருந்து இருக்கோ?" எண்டு.

"இருக்கு."

அதோட எனக்கு நிம்மதி. நல்ல மருமகள் எண்டு என்ர முதுகில நானே தட்டிக்கொண்டு வேலைக்குப் போனன்.

கிளினிக்கிலயும் இதே கதைதான். டொக்டர் ஒரு சின்னப் பிள்ளை, சிங்களப் பிள்ளை, நல்ல பொறுமைசாலி. மாமா கோட்டில கதைக்கிற சிங்களத்தில கதைக்கத் தொடங்கினா அந்தப் பிள்ளை கதிரையில நிமிர்ந்து இருக்கும். மருந்து இருக்கா? இருக்கு. போன கிழமை முட்டு வந்ததா? இல்லை. போன கிழமை வரேல்லைத்தான். அதுக்கு முந்தின கிழமை மூண்டு நாள் வந்தது. அதை ஆர் கேட்டது? அந்தப் பிள்ளை போன முறை எழுதினதையே திரும்ப எழுதும், மருந்து குடுக்கிற ஜன்னலில நிண்டு நான் வாங்குவன், மாமா கையை நீட்டி என்னட்ட இருந்து வாங்கிப் பையில வைப்பார்.

முட்டு வந்த அந்த மூண்டு நாளும் எனக்கே தெரியாது. அவர் அறைக் கதவைச் சாத்திப்போட்டு ரீவிச் சத்தத்தைக் கூட்டிவிடுவார். நெஞ்சுக்குள்ள இழுக்கிற சத்தம் வெளியில கேக்கக் கூடாதெண்டு. நான் என்ன நினைச்சன்? மனுசனுக்குக் காது மந்தம் எண்டு. "மாமா, ஒருக்காக் காதைக் காட்டுவமே?" எண்டு கேட்டிருக்கிறன். "காது நல்லாக் கேக்குது" எண்டார். அதுவும் உண்மை.

இதைவிட மோசம் ஒண்டு இருக்கு, அதையும் சொல்லிப்போடுறன். வெள்ளிக்கிழமையில நான் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவன். மாமி செய்தது, நானும் விடக்கூடாது எண்டு. ஒவ்வொரு அறையா, மூலை மூலையா, கதவெல்லாம் சாத்திப்போட்டு. மாமாவின்ர அறைக்குள்ள கூடுதலாக் காட்டுவன், வயசு போன மனுசனுக்கு நல்லது எண்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில அசையாமல் இருப்பார். நான் அதைப் பக்தி எண்டு நினைச்சன். பாவம் மனுசன், மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

மழைக்காலம் தொடங்கின ஒரு சனிக்கிழமை மத்தியானம். ரெண்டு நாளா லிப்ற் வேலை செய்யேல்லை. நான் சந்தையால மரக்கறிப் பையளோட ஏறி வாறன், ரெண்டாம் மாடிப் படியில மாமா இருக்கிறார். தலைமயிர் வெட்டப் போனவர், திரும்பி ஏறேக்க இருந்திட்டார். பக்கத்தில குடை. தோள் ரெண்டும் காது மட்டும் உயர்ந்திருக்கு. கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டு நிக்குது. முகத்தில ஒரு நிறமும் இல்லை.

"என்ன மாமா?"

"ஒண்டுமில்லை. இருக்கிறன்."

"மூச்சு முட்டுதோ?"

"ஓம்" எண்டார். அந்த ஒரு சொல்லுக்கே அவருக்குக் காத்துக் காணேல்லை.

அவற்ற சேட்டுப் பொக்கற்றில இருந்த நீலப் பம்பை எடுத்து அடிச்சன். உஸ் எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளுக்கு மருந்து முடிஞ்சுபோச்சு. அந்த வெறும் பம்பை அவர் எத்தினை தரம் அடிச்சாரோ தெரியாது. தக்காளியும் பயித்தங்காயும் படி வழிய உருண்டு போகுது. நான் கீழ பாத்துக் கத்தின கத்தில செக்கியூரிட்டி ஐயா தன்ர பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கதிரையில வைச்சு ரெண்டு பேருமாக் கீழ இறக்கி, ஓட்டோவில ஏத்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம்.

மாஸ்க் போட்டு மருந்துப் புகை பிடிச்சு, ஊசி போட்டு, ஒட்சிசன் குடுத்து, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் அவற்ற தோள் கீழ இறங்கினது. கடமையில நிண்ட டொக்டர் வெளியில வந்து என்னைப் பிடிச்சார். என்ன மருந்து பாவிக்கிறவர்? மண்ணிறப் பம்ப், காலமையும் பின்னேரமும் எண்டு நான் சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னன். அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். ஒழுங்கா எடுத்தா இந்தளவுக்கு லேசில வராது, வீட்டில இருக்கிற மருந்து முழுக்க நாளைக்குக் கொண்டு வாங்கோ எண்டார்.

அடுத்த நாள் காலமை அவற்ற அலுமாரியைத் திறந்தன். உடுப்புக்குப் பின்னால அவர் கோட்டுக்குக் கொண்டு போன கறுத்தத் தோல் பை. திறந்தா உள்ளுக்கு மண்ணிறப் பம்ப். ஒண்டு ரெண்டில்லை, பதினொண்டு. ஒண்டுகூட உடைக்கேல்லை. பெட்டியோட, சீலோட. ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டி, வாங்கின திகதி அவற்ற முத்து முத்தான எழுத்தில. அதோட மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, ரோச் லைற், எங்கட மூண்டு பேரின்ர அடையாள அட்டைப் போட்டோக்கொப்பி, ஒரு சின்ன றேடியோ.

நான் நிலத்தில இருந்திட்டன். ஐயோ கடவுளே, ஆளைக் காப்பாத்திற மருந்து அலுமாரிக்குள்ள இருக்கு, ஆள் படியில கிடந்து மூச்சுக்கு அடிபடுகிறார். எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் பையைத் தூக்கி ஜன்னலால எறிஞ்சிருப்பன். எறியேல்லை. ஏனெண்டா எழும்பேக்க கதவால என்ர கண்ணில பட்டது எதிர் அறையில என்ர கட்டிலுக்குக் கீழ இருக்கிற மூடைதான். ரெண்டு மூடை அரிசி, பருப்பு, பால்மா, மெழுகுதிரி. நான் மட்டும் என்ன திறம்? கலவரம் கண்டு, ஊரடங்கு கண்டு, வரிசையில நிண்ட சனம் நாங்கள். கையில ஒண்டு கிடைச்சா அதைப் பாவிக்கிறதை விட ஒளிச்சு வைக்கத்தான் எங்களுக்கு முதலில தோணும். ஆனா அரிசியை வைச்சிருந்தா அரிசியாத்தான் இருக்கும். மருந்தை வைச்சிருந்தா நெஞ்சு சும்மா இருக்குமோ?

மத்தியானம் ஆக்களைப் பாக்க விடுகிற நேரம் பையோடயே வாட்டுக்குப் போனன். கட்டிலில வைச்சுத் திறந்து காட்டினன்.

"இது என்ன மாமா?"

"மருந்து."

"ஏன் பாவிக்கேல்லை?"

இத்தினை நாளில அந்தக் கேள்வியை ஒருத்தரும் அவரிட்டக் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை, டொக்டரும் கேக்கேல்லை. அவர் ஒரு பெட்டியை எடுத்துக் கையில வைச்சார். பிறகு மூச்சு விட்டு விட்டுச் சொன்னார்.

"நீலம் அடிச்சா உடன சுகம். மண்ணிறம் அடிச்சா ஒண்டும் தெரியிறேல்லை. ஆனா தட்டுப்பாட்டுக்குள்ள கிடைக்காமப் போனது மண்ணிறம். அப்ப அதுதானே பெரிய மருந்து? பெரிசா வரேக்க அடிப்பம் எண்டு வைச்சிருந்தனான்."

"நேற்று வந்தது பெரிசில்லையோ?"

யோசிச்சார். பொய் சொல்லத் தெரியாத மனுசன், உண்மையாவே யோசிச்சார்.

"இதைவிடப் பெரிசு வரும் எண்டு நினைச்சன்."

அதோட என்ர கட்டுப்பாடு போச்சு. இத்தினை வருசமாச் சட்டி பானையோட பிடிச்ச சண்டை முழுக்க அந்த வாட்டில வெளியில வந்தது. "இதைவிடப் பெரிசு எண்டா என்ன மாமா? செத்த பிறகோ அடிக்கப் போறீங்கள்? நீங்கள் படியில செத்துக் கிடந்தா நான் உங்கட மகனுக்கு என்னெண்டு சொல்லுறது? பதினொரு பம்பை வைச்சுக்கொண்டு உங்கட அப்பா மூச்சு முட்டிச் செத்தவர் எண்டு சொல்லுறதோ? விசர் வேலை மாமா, தனி விசர் வேலை!" பக்கத்துக் கட்டில் ஆக்கள் எல்லாம் திரும்பிப் பாக்கினம். தாதி ஒராள் ஓடி வந்து வாயில விரலை வைச்சுக் காட்டுறா. மாமா என்னைப் பாத்தபடி இருந்தார். அவருக்குக் கோவமில்லை. ஆச்சரியம் எண்டுதான் சொல்லவேணும்.

கிளினிக்கும் அதே ஆஸ்பத்திரியிலதான், அந்த டொக்டர் பிள்ளை விசயம் கேள்விப்பட்டு வந்து கட்டில் விளிம்பில இருந்து விளங்கப்படுத்தினா. நீலம் அந்த நேரத்துக்கு மூச்சுக்குழாயை விரிச்சு விடும், அவ்வளவுதான். உள்ளுக்கு இருக்கிற வீக்கம் அப்பிடியே இருக்கும். மண்ணிறந்தான் வீக்கத்தை வத்தப் பண்ணும், ஆனா அதுக்குக் கிழமைக் கணக்கில ஒவ்வொரு நாளும் எடுக்கவேணும். முட்டு வந்த பிறகு மண்ணிறத்தை அடிச்சுப் பிரயோசனமில்லை. "அப்ப நான் வைச்சிருந்தது பெரிசு வந்தாலும் உதவியிராது?" எண்டு மாமா கேட்டார். உதவியிராது எண்டு அவ சொன்னா. மாமா அந்தப் பையை மூடி என்ர பக்கம் தள்ளினார்.

வெளியில வந்து அவ எனக்குச் சொன்னது வேற. "மருந்தைத் திருத்தலாம் அக்கா. அது எனக்குப் பயமில்லை. இவர் வாய் திறந்து சொல்லாமல் இருக்கிறதுதான் பயம். அடுத்த முறை நீங்கள் வீட்டில இல்லாத நேரம் வந்து, ஒண்டுமில்லை ஒண்டுமில்லை எண்டு இருந்தாரெண்டா, இங்க கொண்டு வர முதல் முடிஞ்சிடும்."

அந்த வசனம் எனக்குள்ள ஏறி இருந்திட்டுது. என்ர மனுசன் டோகாவில இருந்து ரெலிபோன் எடுத்து, "நீர் வேலையை விட்டிட்டு அப்பாவோட நில்லுமன்" எண்டார். சொல்லுறது லேசு. நான் வேலையை விட்டா அவற்ற வாய் திறக்குமோ? நான் குசினியில நிக்கவே பக்கத்து அறைக்குள்ள ரீவியைக் கூட்டிப்போட்டு மூச்சுக்குச் சண்டை பிடிச்ச மனுசன்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே அடுத்த வழக்குத் தொடங்கினது. பதினொரு பம்பில மூண்டு திகதி முடிஞ்சது. பழசை முதல் முடிச்சிட்டுத்தான் புதுசைத் தொடவேணும் எண்டு மாமா நிக்கிறார், வீணாக்கக் கூடாதாம். நான் மூண்டையும் குப்பை வாளிக்குள்ள போட்டு, மேல தேயிலைச் சக்கையைக் கொட்டினன்.

பம்ப் அடிக்கிற விதமும் பிழை. வாயைத் திறந்து பட் எண்டு அடிச்சு உடன மூடுவார், மருந்து முழுக்க நாக்கில. டொக்டர் ஒரு பிளாஸ்ரிக் குழாய் தந்தவ. பம்பைக் குலுக்கிக் குழாயில செருகி, மூச்சை வெளியில விட்டு, ஒருக்கா அமத்தி, ஆறுதலா இழுத்து, பத்து எண்ணும் வரைக்கும் பிடிச்சு, பிறகு வாயைக் கொப்பளிக்கவேணும். முதல் கிழமை முழுக்க நான் முன்னால நிண்டு பத்து எண்ணினன். ஏழில விட்டிடுவார். "மாமா, பத்து!" எண்டு கத்துவன். எட்டாம் நாள் தொடக்கம் தானே விரல் மடக்கி எண்ணினார். இப்பிடி ஒழுங்கா ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய அவரை மாதிரி ஒரு ஆளும் இல்லை. வழிமுறை எண்டு ஒண்டைக் கையில குடுத்திட்டாக் காணும்.

முட்டு வந்தா என்ன செய்யவேணும் எண்டு டொக்டர் ஒரு தாளும் தந்தவ. பச்சை, மஞ்சள், சிவப்பு எண்டு மூண்டு கட்டம். தமிழ் சரியில்லை எண்டு மாமா திருத்தி எழுத இருந்திட்டார். ரெண்டு நாள் மேசையை விட்டு எழும்பேல்லை. எழுதி முடிச்சுக் கொண்டு வந்து தந்ததைப் பாத்தா: "நோயாளியானவருக்கு மூச்சுத் திணறல் ஏற்படுமிடத்து, அன்னார் தாமதமின்றி நீலநிற உறிஞ்சு கருவியினைப் பிரயோகித்தல் வேண்டும்." எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது.

"மாமா, ஆர் இந்த அன்னார்?"

"நோயாளி."

"நோயாளி ஆர்?"

"நான்."

"அப்ப அப்பிடி எழுதுங்கோ. மூச்சு முட்டிக்கொண்டு இருக்கேக்க வாசிக்கிற மாதிரி எழுதுங்கோ. இதை வாசிச்சு முடிக்க முதல் ஆள் முடிஞ்சிடும்."

கறுத்தப் பேனையால பெரிசாத் திருப்பி எழுதினார். நிமிர்ந்து இரு. நீலம், குழாயோட, ஒவ்வொண்டா. குறையாட்டி மருமகளுக்கு ரெலிபோன் எடு. பொறுத்திருக்காதே. கடைசி வசனத்தை நான் சொல்லிச் சொல்லி எழுத வைச்சனான். பிரிஜ் கதவில ஒட்டினம்.

சாம்பிராணியை விட்டிட்டன். "புகை ஏலாதெண்டு ஏன் மாமா சொல்லேல்லை?" எண்டு கேட்டன். "நீர் மாமிக்காகச் செய்தனீர்" எண்டார். குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டுக் கொஞ்ச நேரம் நிண்டன்.

கேள்வி கேக்கவும் பழகினன். மருந்து இருக்கோ எண்டு இப்ப கேக்கிறேல்லை. இண்டைக்கு எத்தினை தரம் நீலம் அடிச்சனீங்கள்? எத்தினை மணிக்கு? படி ஏறேக்க எந்த மாடியில நிண்டனீங்கள்? விடியக்காலமை இருமினதோ? ஓட்டை விடாமல் கேட்டா முழு உண்மையும் வரும். ரெண்டு மாசத்தில நீலம் அடிக்கிறது நல்லாக் குறைஞ்சிட்டுது. லிப்ற் நிண்ட ஒரு நாள் நாலு மாடியும் ஏறி வந்து, சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் பேப்பரை எடுத்தார். நான் குசினிக்குள்ள நிண்டு பாத்தனான். மூச்சு ஒழுங்காத்தான் இருந்தது. எனக்குத் துள்ளவேணும் போல இருந்தது. துள்ளேல்லை, தேத்தண்ணி போட்டுக் குடுத்தன்.

கிளினிக்கில அந்தப் பிள்ளைக்குப் பெரிய சந்தோசம். ஊதிப் பாக்கிற கருவியில அளவு கூடியிருந்தது. ஆனா போக வெளிக்கிடேக்க என்னைத் தனியக் கேட்டா, "இப்ப தானாச் சொல்லுறாரோ?" எண்டு.

"கேட்டாச் சொல்லுவார்."

"அது காணாது அக்கா" எண்டா. எனக்கும் தெரியும் காணாதெண்டு. ஒவ்வொரு நாளும் கந்தோருக்குக் கதவைச் சாத்திப்போட்டு வெளிக்கிடேக்க எனக்கு அந்தப் பயம்தான். நான் இல்லாத நேரம் அவரிட்ட ஆர் கேக்கிறது?

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. காலமை பத்தரை இருக்கும். கந்தோரில மீற்றிங். என்ர ரெலிபோன் மேசையில கிடந்து அதிருது. பாத்தா மாமாவின்ர நம்பர். எங்களோட இருந்த இத்தினை வருசத்தில அவர் எனக்கு ஒருக்காலும் கோல் எடுத்ததில்லை. நான்தான் எடுக்கிறது. அவற்ற போனில இருந்து வேற ஆரோ எடுத்து, மனுசன் போயிட்டார் எண்டு சொல்லப்போகினம் எண்டுதான் நான் நினைச்சனான். எழும்பி வெளியில வந்து காதில வைச்சன். வாய் திறந்து ஒண்டும் கேக்க எனக்கு ஏலேல்லை.

முதல் கேட்டது அந்த இழுக்கிற சத்தம். அதுக்குப் பிறகு குரல்.

"பிள்ளை, பக்கத்து வீட்டில பெயின்ற் அடிக்கினம். மணம் ஏலாமக் கிடக்கு. நீலம் ஆறு தரம் அடிச்சிட்டன், குழாயோட. குறையேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு. கெதியா வாரும்."

நான் ஒரு கேள்வியும் கேக்கேல்லை.

காண்ட்பாக்கையும் எடுக்கேல்லை, ஆரிட்டயும் சொல்லவும் இல்லை. ஓடிப் போய் ஓட்டோவில ஏறினன். காலி வீதி முழுக்க வாகனம். போனைக் காதில இருந்து எடுக்கேல்லை. "மாமா, கதைக்காதேங்கோ, நிமிர்ந்து இருங்கோ, அடியுங்கோ" எண்டு சொல்லிக்கொண்டே வாறன். அங்கால அவர் அடிக்கிற சத்தம், இழுக்கிற சத்தம். பம்பலப்பிட்டியில சிக்னல் விழுந்தது. ஓட்டோக்காரனைப் பாத்து நான் கத்தின சிங்களம் நல்ல சிங்களமில்லை. அவன் சந்துக்குள்ளால விட்டு வெட்டி ஓடினான்.

ஒழுங்கைக்குள்ள திரும்பேக்கயே கண்டிட்டன். செக்கியூரிட்டி ஐயாவை மேல கூப்பிட்டு, லிப்றில இறங்கி வந்து, கேற்றடியில அவற்ற கதிரையில இருக்கிறார் மாமா. நிமிர்ந்து இருக்கிறார். மடியில கிளினிக் கொப்பி. ஒரு கையில குழாய், மற்றக் கையில போன், இன்னும் காதில. உதடு வெளிறிப் போயிருந்தது. ஓட்டோவுக்குள்ள ஏறினதும் என்ர மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சவர். ஆஸ்பத்திரி வரைக்கும் விடேல்லை.

மருந்துப் புகை பிடிச்சு, ஊசி போட்டு, பின்னேரம் போலச் சத்தம் அடங்கினது. கிளினிக் டொக்டர் பிள்ளை கீழ இறங்கி வந்து பாத்திட்டு என்னை வெளியில கூட்டிக்கொண்டு வந்தா. "இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தா என்ர கையில ஒண்டும் இருந்திருக்காது அக்கா" எண்டு சொன்னா. நான் சுவரோட இருந்த வாங்கில இருந்து, ஆரும் பாத்தாப் பாக்கட்டும் எண்டு வாய்விட்டு அழுதனான். பிந்தேல்லை. மனுசன் கூப்பிட்டிட்டார்.